ஒன்பது கிராம்

மெஹருன்னிசாவின் வலது மணிக்கட்டுக்குள்
ஒரு தகடு, நான்கு திருகு.
எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.
மேல் திருகு அரைச் சுற்று அதிகம் முடுக்கியிருப்பதாய்
எனக்குப் பட்டது.
சொல்லவில்லை.

"நீளம் கொறையக் கூடாது, அகலம் கொறையக் கூடாது,
கனம் மட்டும் கொறையணும்."
பேரணாம்பட்டுக் கல்யாணங்களுக்கு
வெங்காயம் மூட்டை மூட்டையாய் நறுக்கும் கத்தி.
லாரிப் பட்டையில் அடித்தது.
முந்நூற்றுப் பதினெட்டு கிராம்.
ஆறு மாதமாய் இடது கையில்.

அடுப்பில் சிவக்க வைத்துச் சாம்பலில் புதைத்தேன்.
ஒரு ராத்திரி முழுக்க ஆறினால்தான்
எஃகு பிடிவாதத்தை விடும்.

ராணிப்பேட்டை சிப்காட். இரண்டாம் ஷிப்ட் முடிந்தபின்
வாட்ச்மேனுக்கு ஒரு டீ, எனக்கு ஒரு வைஸ்.
ஒரு சாண் சதுரக் கம்பி.
நடுவில் சாய்வாய் ஒரு துளை,
அதில் உடைந்த அரத்தின் துண்டு,
நுனியைச் சுண்டுவிரல் நகம்போல் உருட்டித் தேய்த்தது,
மேலிருந்து இறுக்க ஓர் ஆலன் திருகு.
பக்கத்தில் ஒரு குச்சி.
அது கத்தியின் முதுகைத் தொட்டுக்கொண்டே போகும்,
கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவிப் போவதுபோல்.

முதல் இழுப்பிலேயே எஃகு பல்லைக் கடித்தது.
பள்ளம் விழவில்லை, குறுக்கே ஏணிப்படி விழுந்தது.
பல்லின் சாய்வு தப்பு.
கழற்றினேன், தேய்த்தேன், மாட்டினேன்,
மறுபடி கழற்றினேன்.
மூன்றாம் முறை சத்தம் மாறியது:
மல் துணியை நீளவாக்கில் கிழிக்கும் சத்தம்.
சீரகம் சீரகமாய் இரும்பு உதிர்ந்தது.

"ரத்தம் வடியறதுக்குத்தானேக்கா இந்தக் கோடு?
படத்துல பாத்திருக்கேன்," என்றான் தணிகாசலம்.
வெங்காயத்துக்கு இன்னாடா ரத்தம்.
"காட்பாடி ஜங்ஷன்ல
வெட்டிப்போட்ட தண்டவாளத்து முனையைப் பாத்திருக்கியா?
மேல தடி, கீழ தடி, நடுவுல ஒல்லி.
வளையுதா அது?"
தலையாட்டினான். நம்பவில்லை.
ரத்தக் கதைதான் அவனுக்குப் பிடித்திருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு இழுப்பு, ஒரு பக்கத்துக்கு.
இழுக்கத்தான் வேண்டும், தள்ளினால் பல் போய்விடும்.
கத்தியைப் புரட்டினேன்,
குச்சி தப்பான பக்கத்தில் நின்றது.
எனவே இன்னொரு துளை, இன்னொரு குச்சி.
அப்போதுதான் தணிகாசலம் அதற்கு
நண்டு என்று பெயர் வைத்தான்.

அந்தப் பக்கம் அறுபதாவது இழுப்பில்
கேட்டுக்கு வெளியே லாரி ஹாரன்.
கை துள்ளியது.
பள்ளத்தை விட்டு வெளியே
தலைமுடி அளவுக்கு ஒரு கீறல்.
அரம் போட்டால் போய்விடும்,
அதோடு கொஞ்சம் எஃகும்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

இரண்டு பள்ளங்கள்,
நடுவே இரண்டரை மில்லி சுவர்.
ஒரே வீட்டின் இரண்டு போர்ஷன் மாதிரி
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

மறுபடி சிவக்க வைத்துக்
கடலை எண்ணெயில் முக்கினேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு பஜ்ஜி வாசனை.
வாட்ச்மேன் தட்டோடு வந்துவிட்டார்.

பஸ்ஸில் கத்தி மடிமேல், நாலு மடிப்புத் துணிக்குள்.
பாலாற்றுப் பாலம் வந்தது. கீழே பார்த்தேன்.
உவமை தானாக ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.
வேண்டாம்.
அந்தப் பள்ளம் வேறு ஆட்கள் எடுத்தது,
எடுத்தவர்கள் எடை போட்டுக் காட்டவில்லை.

பேரணாம்பட்டு மளிகைக் கடைத் தராசில்
முந்நூற்று ஒன்பது.
உதிர்ந்ததைப் பொட்டலமாய்க் கொடுத்தேன்.
பிரித்துப் பார்த்தாள்.
"என் இரும்பை எடுத்துட்டு எங்கிட்டயே காசா?"

பலகையில் உட்கார்ந்தாள்.
முதல் வெங்காயம் இடது கை.
இரண்டாவதும்.
கீறலைக் கட்டைவிரல் கண்டுபிடித்துவிட்டது,
ஒரு தடவை தேய்த்துப் பார்த்தது.
யாரிடமோ கல்யாண அரிசிக் கணக்கு பேசிக்கொண்டே
நான்காவதை எடுத்தபோது
கத்தி வலது கையில் இருந்தது.
அவள் கவனிக்கவில்லை.
நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்,
வெங்காயம்.

நண்டு என் டிராயரில் கிடக்கிறது, பல் கொஞ்சம் மழுங்கி.
காசு இன்னும் வரவில்லை.