இரைச்சல் படிவம்

என் வேலை ஆடுவதில்லை, ரசிப்பதுமில்லை.
அளப்பது.
கையடக்கமாய் ஒரு கறுப்புக் கருவி,
நுனியில் பஞ்சுருண்டை.
கால்மணிக்கு ஒரு முறை
படிவத்தில் ஓர் எண்.
எழுபத்தைந்தைத் தாண்டினால்
மேடைக்குக் கையசைக்க வேண்டும்.

ஈசூனில் இரண்டு புளோக்குகளுக்கு நடுவே
கூடைப்பந்துத் திடலில் கூடாரம்.
சனி, ஞாயிறு நாட்டார் கலை விழா.
தொண்டூழியர் அட்டையில்
தவமலரைத் தாவாமலர் என்று அச்சடித்திருந்தார்கள்.
தாவாத மலர்.
சரிதான், எனக்கு ஆட வராது.

சனிக்கிழமை,
ஹைசாம் குழுவின் கொம்பாங், அறுபத்தொன்பது.
திருமதி குவெக்கின் விசிறி நடனம் ஐம்பத்தெட்டு;
விசிறிகள் ஒருசேர விரியும்போது மட்டும்
ஒரு புறாக்கூட்டம் எழுந்து, அறுபத்திரண்டு.
கெண்டைக்காலில் மணி கட்டிய ஆங்கிலேயர் அறுவர்
கைக்குட்டை வீசிக் குதித்தார்கள்.
எங்கள் ஊரில் இதற்குத் தெருவையே அடைப்பார்கள்
என்றார் நைஜல், தாடியில் வியர்வை சொட்ட.
சலங்கை இல்லை,
சலங்கைக்குச் சித்தப்பா பிள்ளை என்று எழுத
படிவத்தில் இடமில்லை.
அறுபத்தாறு.

ஞாயிறு, கடைசி நிகழ்ச்சி பறை.
துவாஸிலிருந்து எட்டுப் பேர்.
இசக்கிராஜ் வந்து கருவியை எட்டிப் பார்த்தான்.
"எம்புட்டு வரைக்கும்க்கா?"
எழுபத்தைந்து.
"அது நாங்க மூச்சு வாங்குற சத்தம்க்கா."

எட்டேகாலுக்கு மழை.
மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழல
மேடையின் மின்சாரத்தை நிறுத்தினார்கள்.
ஓடினோம், புளோக்கின் கீழ்த்தளத்துக்கு.
பந்து விளையாடக் கூடாது என்ற பலகைக்குக் கீழே
சதுரங்க மேசையில் எட்டுப் பறை,
நனைந்து, தோல் தொய்ந்து.
தட்டினால்
ஈரத்துண்டைக் கல்லில் போட்டதுபோல் தொப்பென்றது.
ஐம்பத்தொன்று.

"காய்ச்சணும்க்கா. நாலு சுள்ளி, ஒரு பழைய பேப்பர் போதும்."
பாதுகாப்பு அதிகாரி
வானத்தைப் பார்ப்பவர்போல் கூரையைப் பார்த்தார்.
நெருப்பு என்று வாயால் சொல்லவே
இங்கே அனுமதி வாங்க வேண்டும்.
மணி ஒன்பது. பத்துக்கு எல்லாம் முடிய வேண்டும்.

திருமதி குவெக்குக்குத் தமிழ் தெரியாது,
இசக்கிக்கு மாண்டரின்.
அவர் தோலை விரலால் அழுத்திப் பார்த்தார்,
சந்தையில் கோழி வாங்குகிறவர்போல.
பிறகு ஒப்பனைப் பெட்டியைத் திறந்தார்.

ஹேர் டிரையர். ஐந்து.
ஒன்று இளஞ்சிவப்பு, பூனைப் படம் போட்டது.

மின்பெட்டிக்குப் பூட்டு.
சாவி நான்காம் மாடியில், ஹைசாமின் மாமனாரிடம்.
அவர் தொழுது முடித்து வரும்வரை
எட்டுப் பேரும் கடைசிப் பேருந்தைக் கணக்குப் போட்டார்கள்.
பிறகு விசிறிக்காரிகள் சுடுகாற்றுப் பிடித்தார்கள்.
நைஜல் கைக்குட்டையால் ஈரம் ஒற்றினார்,
நகரும்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே கிணுகிணுத்தார்.
இசக்கி காதை வைத்துத் தட்டித் தட்டி,
இன்னும்,
இன்னும் கொஞ்சம்.

கருவியைப் பார்த்தேன்.
ஹேர் டிரையர்கள்: எண்பத்தொன்று.
யாருக்குக் கையசைப்பது?

ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு முதல் அடி விழுந்தது.

அதை நான் எழுதப் போவதில்லை.
தூணில் சாய்ந்திருந்தவள்
தூணைவிட்டு விலகினேன், அவ்வளவுதான்.
சதுரங்க மேசையில் யாரோ மறந்த கோப்பி
தன்பாட்டுக்கு வட்டமிட்டது.
மூன்றாம் மாடிக்காரர் இறங்கி வந்து
என் அட்டையைச் சுட்டிக் கத்தினார்.
கத்தினார் என்று வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது.
தலையாட்டினேன்.
அது அவருக்கா, அடிக்கா,
எனக்கே தெளிவில்லை.

பத்துக்கு நிறுத்தினார்கள், ஓர் அடி பாக்கியிருக்க.
பறையைக் குப்பைப் பையில் சுற்றிக்கொண்டு
நிறுத்தத்துக்கு ஓடினார்கள் எட்டுப் பேரும்.
திருமதி குவெக் டிரையர்களின் வயரைச் சுருட்டினார்.

படிவத்தில் கடைசிக் கட்டம் காலி.
கருவியைத் தேடினேன்.
பூனை டிரையருக்குப் பக்கத்தில் கிடந்தது,
அணைந்து.
நான்தான் அணைத்திருக்க வேண்டும்.

கட்டத்தில் எழுதினேன்:
மழை.