கைவிடு கட்டு

வெள்ளி இரவு, ஓல்ட்டன்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
நிலையத்துக் கடிகாரத்தை விழுங்கிவிட்டது.
மணியை இனி முள் சொல்லாது,
சூரிச் ரயிலின் அறிவிப்புதான் சொல்லும்.

சாவி வெட்டும் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
எட்டு மேசை, பதினாறு கதிரை,
ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை.
"சீட்டுக்குப் போறன்" என்றால் அம்மா
"ஆற்றை சீட்டு? எத்தினை பேர்? கழிவு எவ்வளவு?" என்கிறாள்.
கழிவுதான் அம்மா. முழுக்கக் கழிவுதான்.

என் கட்டில் அறுபது சீட்டு.
பறக்கும் நாகம் இல்லை, வாளேந்திய அரசி இல்லை.
ஒன்றை எறி.
இரண்டை எறி.
கையைக் காட்டு, நான் தெரிகிறேன்.
அதற்குத் தெரிந்த பேச்சு அவ்வளவே.
என்னெதிரே உட்கார யாருக்கும் விருப்பமில்லை.
நாகம் வந்து கொன்றால் பொறுப்பார்கள்,
விளையாடவே விடாமல் கொன்றால் பொறுக்கமாட்டார்கள்.

நியாயம்தான்.
ஆனால் பகல் முழுதும் ஹேர்க்கிங்கனில்
பொதி பிரிப்பவள் நான்.
ஊர் ஊராகச் சறுக்கில் தள்ளிவிடுகிறேன்,
உள்ளே என்னவென்று ஒருநாளும் தெரிந்ததில்லை.
இங்கே மட்டும் பார்க்கக் கிடைக்கிறது
ஒரு மனிதர் எதை முதலில் விடுகிறார் என்று.

நொயேமி மலிவானதை விடுவாள்,
விட்டபின் குனிந்து இன்னொரு தரம் பார்ப்பாள்.
பல் வைத்தியர் ஷ்டாடெல்மான் கண்ணை மூடி உருவுவார்,
பழியை விதியின்மேல் போட.
ஒருமுறை ஒரு பையன் அழுதான்.
கோப்பி வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

உர்ஸ் வேறு மாதிரி.
கூரை போடுகிறவன், நகக்கண்ணில் தார்.
எறி என்றால் ஆகச் சிறந்ததை எறிவான்.
"வைத்திருந்தால் அதைத்தானே தேடி வருவாய்."

இன்றைக்கு மூன்றாவது ஆட்டம்.
என் சீட்டுகளும் சும்மா வேலை செய்யாது,
அவன் இரண்டை விட, நான் ஒன்றை விடவேண்டும்.
விட்டேன், விடவைத்தேன், விட்டேன்.
எறிந்தவை கிடக்கும் இடத்துக்கு இங்கே இடுகாடென்று பெயர்.
மேசையில் இரண்டு இடுகாடுகள் உயர்ந்தன.

எங்கள் தமிழில் கையறுநிலை என்றொரு துறை,
இறந்தவரைப் பாடுவது.
அதை ஜெர்மனில் சொல்லப்போய்
'கை இல்லாமல் போன நிலை' என்று வந்தது.
உர்ஸ் தன் கையிலிருந்த ஒற்றைச் சீட்டைப் பார்த்தான்.
"இன்னும் இருக்கிறதே."

நாலு சுற்றாக அவன் விடாத சீட்டு.
சிறந்ததையெல்லாம் விட்டவன்
விடாததென்றால் அது என்ன?
அந்த ஒன்றைப் பிடுங்க
என் கடைசி இரண்டையும் எரித்தேன்.

வயல்.
வெறும் வயல். பெட்டிக்குப் பத்து கிடைக்கும்,
ஐந்து ராப்பன் பெறாது.

"பிறகேன் பொத்திப் பொத்தி வைத்திருந்தாய்?"
"கையில் ஏதாவது இருந்தால்தானே
நீ கேட்டுக்கொண்டே இருப்பாய்."

வெறுங்கை முழம் போடுமா என்பார்கள்.
போட்டது.
அவன் கட்டின் மேலிருந்து ஒரு தவளை இறங்கியது.
என் கட்டின் மேலிருந்து வந்தவை எல்லாம்
இரண்டை எறி, இரண்டை எறி,
ஒன்றுமில்லாதவனிடம் போய் வாசல் தட்டும் சீட்டுகள்.
ஏழு சுற்று.
ஒரு தவளை, கொஞ்சம் கொஞ்சமாக,
என்னைத் தின்று முடித்தது.

கை கொடுத்தோம்.
பிசுபிசுவென்று தார் ஒட்டியது.

பத்து நாற்பத்தேழு ரயிலில் கட்டை எண்ணினேன்.
அறுபத்தொன்று.
அவன் உறையும் கறுப்பு, என் உறையும் கறுப்பு.
நடுவில் எங்கோ அவனுடைய வயல்,
வரப்பில் யாருமில்லை,
மழை வரப்போகிற மாதிரி ஒரு வானம்.
இத்தனை நாள் அதை நான் பார்த்ததேயில்லை.
பார்த்துக்கொண்டிருந்ததில் ஆராவ் போய்விட்டது.

அடுத்த வெள்ளி கொடுத்துவிடலாம்.
கொடுக்காமலும் விடலாம்.