வவுனிக்குளம் அலைகரை, ஆவணி

மெசின் ரமீஸுடையது.
பழைய இரும்பு வியாபாரத்துக்கென்று
அரைவிலைக்கு வாங்கியது,
பிடியைச் சுற்றிக் கறுப்பு ரேப்.
"ஞாயிற்றுக்கிழமை ஆர் இரும்பு பொறுக்கிறது?
காசு தேடுவம் வாங்கோ" என்றான்.

எனக்கு ஏழு வருஷம் அந்தச் சத்தம்தான் சம்பளம்.
சிவப்புத் தடிகளுக்கு நடுவில்
ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில்
முழங்காலில் நின்று மிதிவெடி எடுத்தேன்.
வேலையை விட்டு மூன்று வருஷம்.
இன்னும் புல்லைக் கண்டால் நேர்கோட்டில்தான் நடக்கிறேன்.
யசோதினி பின்னால் வந்து
கொக்கு மாதிரி நடித்துக் காட்ட,
மரியதாஸ் சிரித்த சிரிப்பில்
பிளாஸ்க் கவிழ்ந்து
நாலு பேருக்குமான தேத்தண்ணி சேற்றுக்குப் போயிற்று.

குளம் நடுவில் ஒரு பாயளவு சுருங்கிக் கிடந்தது.
மிச்சமெல்லாம் வெடித்த களி,
எருமைக் குளம்புக் குழிகளில் செத்த சிப்பி.

முதல் சத்தம் சோடா மூடி.
இரண்டாவது ரவைக்கோது.
மூன்றாவதும் ரவைக்கோது.
அதற்குப் பிறகு எண்ண வேண்டாம் என்றான் மரியதாஸ்.

நான் சத்தத்தின் மேல் குத்தவில்லை.
ஒரு சாண் தள்ளி இறங்கி
பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டு போனேன்.
"காசு வெடிக்காதடி" என்றாள் யசோதினி.
கைக்கு அது தெரியாது.

மருத வேருக்கடியில் ஒரு சதம்.
எச்சில் தொட்டுத் துடைத்தோம்.
ஒரு பக்கம் தாடிக்கார ராசா, மூக்குத் தேய்ந்து.
மறுபக்கம் ஒரு மரம், 1926,
மரத்தடியில் தமிழும் இருந்தது, அழியாமல்.
யசோதினி கன்னத்தில் ஒட்டிப் பார்த்தாள், குளிருதாம்.
மண் சுமந்த கூலிக்காரனின் மடியிலிருந்து
விழுந்திருக்கும் என்றான் மரியதாஸ்.
இல்லை, சீட்டில் தோற்றவன் எறிந்தது என்றான் ரமீஸ்,
ஐந்நூறுக்கு எடுக்க ஆளிருக்கு என்றும் சொன்னான்.
சிரித்தோம்.
நூறு வருஷம் பழசென்றால்
யாருக்கும் நோகாது.

வெயில் சாய, துருசுக்குக் கொஞ்சம் தள்ளி
மெசின் விடாமல் கத்தியது.
ஒரு பால்மா ரின்.
மூடியில் கத்தியால் கீறின வாய்,
காசு நுழையிற அளவுக்கு மட்டும்.
உள்ளே மண்ணோடு மண்ணாய்
முப்பத்தொரு குத்தி.
ஒரு சேட் பொத்தானும் கிடந்தது.
அதையும் காசென்று நம்பித்தான் போட்டிருக்க வேணும்.

ரமீஸ் விலை சொல்லவில்லை.
யசோதினி துருவைச் சுரண்டி
வருஷப்படி அடுக்கினாள், களியின் மேல்.
எண்பத்து நாலில் தொடங்கின வரிசை
இரண்டாயிரத்து எட்டில் நின்றது.
அதற்குப் பிறகும் அவள் விரல்
கொஞ்ச நேரம் ரின்னுக்குள் துழாவியது.

நான் பேர்ஸைத் திறந்து
என்னிடமிருந்த ஐந்து ரூபாயை
அந்த ஐந்து ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.
இரண்டும் 2006.
ஒன்று எத்தனையோ பஸ் ஏறியிருக்கும்,
மற்றது இங்கே இருந்தது.
மல்லாவிக் கடையில் இரண்டுக்கும்
ஒரே ரொபிதான் தருவார்கள்.

"இருட்டப் போகுது" என்று மரியதாஸ் சொன்னபோது
ஒருவரும் மற்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை.
ரமீஸ் மெசினை நிப்பாட்டினான்.
கிரவல் றோட்டில் மூன்று பேரும்
ஆனைக் கதை கதைத்தார்கள்.

ரின் இப்போது என் மேசையில்.
மூடி இனிப் பொருந்தாது.
ராத்திரி பதினொன்றுக்கு யசோதினி எடுத்தாள்,
ஒன்றுமில்லை, சும்மா, என்றாள்.
கொஞ்ச நேரம் அவள் பக்கத்து மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழு வருஷம் நான் ஒருநாளும் பிழைவிடாத விதி ஒன்று:
எடுத்த பிறகு
அதே குழிக்கு மேல் இன்னொருக்கால்
மெசினைப் பிடிக்க வேணும்.
வேறொன்று கிடக்கலாம்.

நான்தான் பக்கத்தில் நின்றேன்.
பிடி என்று சொல்லவில்லை.