கூட்டாத தரை

முதல் இரவே மீன்முள்ளில் என் நகம் பெயர்ந்தது.
முள் பெயரவில்லை.
சாய்மஞ்சங்களில் ஒன்பது பேரும் சிரித்தார்கள்,
வெத்திதியுஸ் எல்லாரையும்விடச் சத்தமாக:
“பெருக்குகிறவளே ஏமாந்துவிட்டாள், பார்த்தீர்களா!”
அதற்காகத்தான் எனக்கு யாரும்
முன்கூட்டிச் சொல்லவில்லையாம்.

ஏழு மாதம் கதவடைத்துக் கிடந்த அறை.
பெர்கமோனிலிருந்து வந்த சோசிமோஸ்
முழங்காலில் சாக்கு கட்டிக்கொண்டு
ஈரச் சுண்ணாம்பில் சில்லுச் சில்லாய்ப் பதித்திருந்தான்
யாரோ தின்று முடித்த ஒரு விருந்தை:
நண்டின் கொடுக்கு, கோழியின் கால்,
உறிஞ்சிய நத்தைக் கூடு, செர்ரிக் காம்பு,
வாடிச் சுருண்ட கீரையிலை ஒன்று.
ஒரு மூலையில் வாதுமை ஓட்டைக் கொறிக்கும் எலி.
எலி ஒப்பந்தத்தில் இல்லை.
காசு கேட்காமல் வைத்தானாம்.

குப்பை நாலாயிரம் தெனாரியுஸ்.
நான் அறுநூறு.
இரண்டையும் ஒரே பலகையில் எழுதிய கணக்கன் சொன்னது.

இந்த ஊரில், அக்குவிலேயாவில், ஒரு வழக்கம்.
உண்ணும்போது கை தவறி விழுந்தது
செத்தவர்களுக்குச் சேரும்.
விளக்கை எடுக்கும்வரை அதைத் தொடக் கூடாது.
செத்தவர்கள் என்றால் அவர்கள் வீட்டுச் செத்தவர்கள்.
எஜமானின் பாட்டனார் நேற்று
இறால் தலை மூன்றும் அத்திப்பழம் ஒன்றும் பெற்றார்.

என் தம்பி மானேஸ் செங்கல் சூளையில் செத்தான்.
அவன் பங்குக்கு எதுவும் விழுந்ததில்லை.
எனவே ஒரு நாள் மாலை
பந்தி விரிக்குமுன்
தவிட்டு ரொட்டியின் ஓரம் ஒன்றைக்
கொடுக்குக்கும் கோழிக்காலுக்கும் நடுவே வைத்தேன்.
ஒளித்து வைக்கவில்லை.
நட்ட நடுவில்.

யாரும் பார்க்கவில்லை. பொய்.
எல்லாரும் பார்த்தார்கள்.
கப்பல்காரன் ஒருவன் கோப்பையோடு குனிந்து
“அந்த ரொட்டியைப் பாருங்கள்,
பல் பட்ட இடம்கூடத் தெரிகிறது,
பெர்கமோன்காரன் கை என்றால் கைதான்” என்றான்.
பல் என்னுடையது.
பாதி வழியில் பசி தாங்கவில்லை, மானேஸ் பொறுத்துக்கொள்வான்.

மூன்று விருந்துகள் அது அங்கேயே கிடந்தது.
கல்லைச் சுற்றிப் பெருக்கினேன், அதையும் சுற்றிப் பெருக்கினேன்.
நான்காம் நாள் மஞ்சக்கால் இடித்துச் சில்லு பெயர்ந்ததென்று
சோசிமோஸைக் கூப்பிட்டனுப்பினார்கள்.
அவன் குனிந்தான். முகர்ந்தான்.
என்னைப் பார்த்தான், என் துடைப்பத்தைப் பார்த்தான்.

அவன் செய்த ஒவ்வொரு எச்சிலுக்கும் ஒரு நிழல் உண்டு,
சாம்பலும் பழுப்புமாய்,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து,
எங்கேயோ ஒரே ஒரு விளக்கு எரிவதுபோல.
என் ரொட்டிக்கு மட்டும்
எந்த விளக்கு எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம்.
வேலைக்காரன் கண்ணுக்கு அதுதான் உறுத்தியிருக்கும்.

“பிழை,” என்றான். அவ்வளவுதான்.

அன்றிரவு உயிருள்ள எலி ஒன்று வந்து
ரொட்டியைக் கல் எலிக்கு முன்னாலேயே தின்றது.
தடுக்கவில்லை.
மானேஸ் எந்த உருவில் வருவான் என்று
எனக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த நாள் சாயங்காலம்
கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு சோசிமோஸ் போன பிறகு
ஈரத்துணியோடு உள்ளே போனேன்.
பெயர்ந்த சில்லு சரியாகியிருந்தது.
கொடுக்குக்கும் கோழிக்காலுக்கும் நடுவே
புதுச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.
அதில் விரல் நீளத்துக்கு
சாம்பலும் பழுப்புமாய் ஒரு நிழல்.
நிழல் மட்டும்.
விழுத்திய பொருள் எதுவும் இல்லை.

எஜமான் இன்னும் கவனிக்கவில்லை.
கவனித்தால் பெர்கமோனுக்கு ஆள் விடுவார்,
பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

இன்று பந்திக்கு முன் ரொட்டியோரம் ஒன்றை
அதன்மேல் பொருத்திப் பார்த்தேன்.
நிழல் கொஞ்சம் பெரியது.
தாராளமாக அளந்திருக்கிறான்.
நாளை பெரிய துண்டாகத் திருட வேண்டும்.