பழுப்புக் குருந்தம்

துவாஸ் கப்பல் பட்டறை, ஐந்தாம் கிடங்கு.
சாக்கு ஒன்று இருபத்தைந்து கிலோ.
மேலே சீன எழுத்து, கீழே ஆங்கிலம்.

வாசிக்கத் தெரியாதவர்
கல்பொடி பீய்ச்சும் குழாயைத் தொடக்கூடாது.
புது விதி.
ஆட்களை வரிசையில் நிறுத்தி
வாசிக்கவைத்துக் குறி போடுவது என் வேலை.

காத்தமுத்து சாக்கின்முன் குந்தினார்.
எழுத்துக்கு எழுத்து விரலை நகர்த்திக்
'குருந்தம்' என்றார்.

வரிசை சிரித்தது. நானும்.
'கொரண்டம்' என்று நாக்கை மடித்துச் சொல்லிக்காட்டி
ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

'இல்லீங்க, குருந்தம்.
எங்க காட்டுல ஏர் ஓட்டினா மேல வரும்.
சாணைக்கல்லுக்கு அதத்தான் இடிப்பாங்க.'

'குருந்தம்னா மரம்' என்றேன்.
எனக்குத் தெரிந்த குருந்தம்
உயர்நிலை இரண்டின் பாடநூலில்
வெள்ளையாய்ப் பூத்து
தேர்வு முடிந்ததும் உதிர்ந்துபோனது.

இரவு ரயிலில்,
பூன் லே தாண்டும்போது
கைப்பேசியில் அகராதியைத் திறந்தேன்.
கனிமம். கடினம் ஒன்பது.
அதைக் கீற வைரம் வேண்டும்.
அதற்கும் கீழே, கண்ணைச் சுருக்கினால் தெரிகிற அளவில்,
பிறப்பிடம்: தமிழ்.
தெலுங்காகவும் இருக்கலாமாம்.

ஜூரோங் ஈஸ்ட்டில் கூட்டம் ஏறியது.
யாரோ ஒரு துரை
மதராசில் கல்லை மூட்டை கட்டிக் கேட்டிருப்பான்,
இதற்கு என்ன பெயர்?
யாரோ ஒரு காத்தமுத்து சொல்லியிருப்பார்.
கேட்டவன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டான்.
எழுதியதுதான் நின்றது.

என் அட்டையில் இருப்பது தையல்நாயகி.
பதினொரு வருடமாக
மேலாளர் கூப்பிடுவது 'தயால்'.
பதினொரு வருடமாக நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

காலையில் படிவத்தைத் திருத்தப் போனேன்.
கணினி ஒத்துக்கொள்ளவில்லை.
மறுதேர்வு பதினான்கு நாள் கழித்து,
அதுவரை தரை கூட்டும் பணி.

உலர்துறைக்குள் இறங்கினேன்.
கப்பலின் வயிற்றடியில்
துருவைத் தின்று கறுத்த பொடியை
அவர் குவித்துக்கொண்டிருந்தார்,
முகமூடிக்குள் மூச்சு விசிலடிக்க.

'அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி.
அது நம்ம வார்த்தை.
இங்கிலீஷ்காரன்தான் நம்மகிட்ட வாங்கியிருக்கான்.'

முகமூடியைக் கழற்றினார்.
மூக்குக்குக் கீழே மட்டும் முகம் சுத்தமாக இருந்தது.

'வார்த்தை சரிதாங்க.
பதினாலு நாள் ஓவர்டைம்?'