இடது முழங்கால்

மூன்று மாதமாக முழங்காலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
விடியற்காலை நாலு மணி, வின்யாயிஷ் மலைச்சாலை,
வேனுக்குள் ரை ரொட்டியின் சூடு,
கண்ணாடிக்கு வெளியே உறைபனி.
நூற்றுப் பன்னிரண்டு வாசல், வாசலுக்கொரு துணிப்பை.
நிறுத்து, இறங்கு, பையில் ரொட்டியைப் போடு,
ஏறு, கிளட்சை மிதி, முதல் கியர்,
அடுத்த வாசல்.

ஐம்பத்தொன்றில் இப்படித்தான் ஆகும் என்றாள்
மருந்துக்கடை இர்மெலிண்டா.
கற்பூர நெடியடிக்கும் களிம்பு தந்தாள். தேய்த்தேன்.
பட்டைத்துணி சுற்றினேன்.
ஏற்றத்தில் கியர் மாற்றுவதைக் குறைத்தேன்,
எஞ்சின் முக்கி முனகியது,
நானும்தான்.
பிரகான்ஸா மருத்துவமனையில் எக்ஸ்ரேவுக்கு
நாள் குறித்து வாங்கினேன்.

ஒரு ஞாயிறு, எனக்கு ஞானஸ்நான வீட்டு விருந்து.
வேனை ஃபாஸ்டோ எடுத்துப் போனான்.
திரும்பி வந்து சாவியை மாவு மூட்டைமேல் எறிந்தான்.
"இதையா தினமும் மிதிக்கிறாய்?
சுவரை உதைப்பது போல இருக்கிறதே!"
அவனுக்கு இருபத்தாறு வயது,
ஊர் அணியில் இடதுபுறத் தடுப்பாட்டக்காரன்.
அந்தக் கால் பொய் சொல்லாது.

மதியமே வேனின் தரையில் மல்லாந்தேன்.
தலை பெடலுக்கு அடியில்,
கால் இரண்டும் கதவுக்கு வெளியே, மழையில்.
போனைப் பல்லில் கவ்வி வெளிச்சம் பிடித்தேன்.
கிளட்ச் எண்ணெய் குறையவில்லை என்று முன்பே பார்த்தாயிற்று.
குழாயைத் தடவினேன், ஈரமில்லை.
பிறகு பெடலைக் கையால் அழுத்தினேன்.

இந்த மாதிரிப் பெடலுக்கு ஒரு குணம் உண்டு.
முதல் பாதி நம்மோடு மல்லுக்கட்டும்.
நடுவைத் தாண்டியதும் கட்சி மாறி
நம் பக்கம் சேர்ந்து தள்ளும்.
இரண்டையும் செய்வது ஒரே ஸ்பிரிங்.
என் பெடல் கட்சி மாறவே இல்லை,
அடிவரை எதிர்த்தது.
விட்டாலும் முழுசாக எழாமல்
இரண்டு விரற்கடை கீழே சோம்பி நின்றது.
கால்விரலால் தூக்கிவிட வேண்டியிருந்தது.
யோசித்தால், அதை நான் வாரக்கணக்கில்
செய்துகொண்டுதான் இருந்தேன்,
செய்வது தெரியாமலே.

ஸ்பிரிங் அங்கேதான் இருந்தது,
ஒற்றைப் பக்கமாகத் தொங்கிக்கொண்டு.
முறிந்த கொக்கி ரப்பர் விரிப்புக்குக் கீழே,
ரொட்டித் துகளுக்கும் கஷ்கொட்டைத் தோலுக்கும் நடுவே.
சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
முறிந்த முகத்தில் முக்கால்வாசி பழுப்பு,
கால்வாசி பளபளப்பு.
பழுப்பு, எப்போதோ விழுந்த விரிசல்.
பளபளப்பு மட்டும்தான் இந்த இலையுதிர் காலத்தில் விட்டுப்போனது.
அதுவரை எல்லா ஏற்றத்தையும்
அந்தக் கால்வாசி தாங்கியிருக்கிறது.

மிராண்டெலாவில் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில்
பதினோரு யூரோவுக்கு ஒன்று கிடைத்தது.
மாட்டுவது, பூனையைச் சாக்கில் போடுகிற வேலை.
நசுக்கிப் பிடித்துக் கயிறு கட்டி
இரு முனையையும் இருக்கையில் உட்காரவைத்துக்
கயிற்றை அறுத்தபோது
ஸ்க்ரூடிரைவர் பறந்தது, கட்டைவிரல் நகம் கறுத்தது.
அச்சில் கிரீஸ் தடவ மறந்துவிட்டேன் என்று
அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.
மறுபடி கழற்றினேன்.
இதை ஃபாஸ்டோவிடம் சொல்லவில்லை.

மறுநாள் பெடல் வெண்ணெயில் கத்தியாக இறங்கியது.
பழைய பலத்தில் மிதித்து, பழைய வேகத்தில் விட்டேன்,
முதல் மூன்று வாசலிலும் எஞ்சின் அணைந்தது.
மூன்றாவது வீட்டு நாய் வெளியே வந்து பார்த்து,
குரைக்காமல் உள்ளே போய்விட்டது.

முழங்கால் இன்னும் வலிக்கிறது, கொஞ்சம்.
ஏற்றங்களில் இல்லை, பேக்கரிப் படியில்.
இப்போது இருப்பது அதன் சொந்த வலி.
எக்ஸ்ரே நாளை ரத்து செய்யவில்லை.
செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி.
ரொட்டியெல்லாம் இறக்கிவிட்டு
வேனிலேயே போவேன்.