மீதி ஜோடிகள்

என் அறைக் கதவில் பித்தளை எழுத்து:
பொறுப்பான கொள்முதல்.
ஆடி மாசத்துக் காற்றில் ‘ன’ விழுந்துவிட்டது.
யாரும் தேடவில்லை.
அன்றிலிருந்து கதவு
போகிறவர் வருகிறவரைக் கேட்டபடி நிற்கிறது:
பொறுப்பா கொள்முதல்?

ஹாம்பர்க்கிலிருந்து வரைபடம் கேட்டார்கள்.
தோலிலிருந்து அட்டைப்பெட்டி வரை
ஓர் அம்புக்குறியும் விட்டுப்போகாமல்,
செப்டம்பர் முப்பதுக்குள்.

ஈரோட்டில் வாங்கிய பச்சைத்தோலுக்கு ரசீது இருக்கிறது.
ராணிப்பேட்டையில் பதனிட்ட ஷெட்டுக்கு
கழிவுநீர்ச் சான்றும் மீட்டர் படமும் இருக்கின்றன.
பாலாற்றில் மணல்தான் இருக்கிறது,
அதைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.
பேரணாம்பட்டில் மேல்பகுதி தைக்கும் யூனிட்டில்
இருபத்திரண்டு பேர், கையெழுத்தோடு.

அங்கேதான் இடித்தது.
ஒருவர் நாளொன்றுக்கு எட்டு ஜோடி,
மாதம் இருபத்தாறு நாள்:
நாலாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு.
எங்களுக்கு வந்து சேர்ந்ததோ பதினோராயிரத்து நானூறு.

மீதியைத் தைத்தது யார்?

கால்குலேட்டரை இரண்டு முறை அழித்துப் போட்டேன்.
ஏற்றுமதி மேலாளர் சம்பந்தம் சொன்னார்:
“ஓவர்டைம்னு போடுங்க.”

மறுநாள் அந்த யூனிட் வாசலில்
டிவிஎஸ் ஐம்பது ஒன்று
கோணி மூட்டையோடு கிளம்பியது.
ஓட்டியவர் ஜிலானி.
ரைஸ்மில் தாண்டி, ஏரிக்கரை தாண்டி,
சாக்கடை மேல் பலகை போட்ட சந்தில்
மூட்டை பிரிந்து
வீட்டுக்கு ஐந்து ஜோடியாய் உள்ளே போனது.

அம்சவேணி முட்டிக்கு நடுவே தோலை இடுக்கிக்கொண்டு
இரண்டு ஊசியை எதிரும் புதிருமாய்க் கோத்து
கை இரண்டையும் அகல விரித்து இழுக்கிறாள்.
ஒவ்வொரு தையலுக்கும்
கூட்ட நெரிசலை விலக்குகிறவள் போல.
விரல்களில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கிறது.
ஜோடிக்குப் பன்னிரண்டு ரூபாய்.
நூல் அறுந்தால் அவள் காசு.

என் பையில் முடிந்த ஷூ ஒன்று, சாம்பிள்.
அடி ஒட்டி, பளபளப்பு ஏற்றி,
நாக்கில் பார்கோடு குத்தியது.
முழுசாய் அவள் பார்த்ததில்லையாம்.
வாங்கி, திருப்பி, உள்ளே கைவிட்டுத் தடவினாள்.

“இது நம்ம கை இல்ல.
எதிர்வூட்டு தில்ஷாத் தச்சது.
அவ கொஞ்சம் லூசா இழுப்பா,
தோள்பட்ட நோவு.
இங்க பாரு, ஏழாவது தையல்ல
மூச்சு விட்டுக்கீறா.”

பார்கோடு எனக்குச் சொல்லியிருந்தது:
லாட் எண், தேதி, அளவு நாற்பத்திரண்டு.

புறப்படும்போது வாசல்வரை வந்தாள்.
“பேரு எழுதிக்கினு போயிடாதம்மா.
எழுதினா மூட்ட வராது.”

தெரியும்.
எங்கள் கொள்கையில் ஒன்பதாம் பக்கம்:
அனுமதியற்ற வீட்டு வேலை கண்டறியப்பட்டால்
முப்பது நாளில் சங்கிலியிலிருந்து நீக்கப்படும்.
நீக்கப்படுவது வேலையா, வீடா, ஆளா
என்று ஒன்பதாம் பக்கத்தில் இல்லை.
பத்தாம் பக்கம் அட்டை.
அதில் சிரிக்கும் பெண்ணின் விரலில் ட்யூப் இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி ராத்திரி
ஆறாயிரத்து எண்ணூற்று இருபத்து நாலு என்று
முதன்முதலாக எழுதினேன்.
கூலி, பன்னிரண்டு.
பரிந்துரை: நீக்காதீர்கள், கூட்டிக் கொடுங்கள்,
யூனிட் பதிவேட்டில் ஏற்றுங்கள்.
பெயர் கேட்ட கட்டத்தில்
இறுக்கி இழுப்பவர் ஒருவர் என்றேன்,
தோள் நோவோடு தளர்த்தி இழுப்பவர் ஒருவர் என்றேன்.
மற்றவர்களை எனக்குத் தையலாலும் தெரியாது.

இன்று பதில் வந்தது.
வெளிப்படைத்தன்மைக்கு நன்றி.
கூடவே ஒரு சந்தேகம்:
‘தளர்த்தி’ என்பது தரக் குறைபாடா?
எத்தனை ஜோடிகளில்? விளக்கவும்.

விளக்க உட்கார்ந்திருக்கிறேன்.
ஜன்னலுக்குக் கீழே ஆம்பூர் பைபாஸ்.
சாம்பிள் எடுக்க வந்த ஜிலானி
கேட்டைத் தாண்டிப் போகிறார்.

பின்சீட்டு மூட்டை
போன வாரத்தைவிடச் சின்னதாய் இருக்கிறது.